தொல்பொருள் வாணிகமும் இணையச் சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு பொருளைப் பலர் நடுவில் வைத்து, விலையை உரக்கக் கூறி, மிகுதியாகக் கேட்பவருக்கு அதனைக் கொடுக்கும் விற்பனை முறையைத் தமிழில் ஏலம் என்கிறோம். மலாய் மொழியில் அதனை லெலோங் என்பர். இவ்விரு சொற்களும் போர்த்துகீசிய மொழியிலுள்ள லெய்லாவ் என்னும் ஒரே சொல்லினின்று பிறந்தவை என மொழியறிஞர் கூறுவர். 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் நாகப்பட்டினத்திலும் வாணிகம் செய்தனர். அவர்தம் வாயிலிருந்து வந்த ஒரு சொல் வங்கக் கடலின் இரு கரைகளிலும் இரு வடிவம் பெற்று நிலைத்துவிட்டது. அதன் வேரை அறியாதவனுக்கு ஏலம் என்பது வெறும் ஒலி. அறிந்தவனுக்கோ அஃது ஐந்நூறு ஆண்டுக் கடல்வாணிகத்தின் சான்று.

பழம்பொருளின் இயல்பும் இத்தகையதே. அது பிறந்த இடம், இருந்த கை, மாறிய வழி ஆகியவை தெரியும்போது அது வரலாற்றுக்குச் சான்றாகிறது. தெரியாதபோது அழகுப் பொருளாக மட்டும் எஞ்சுகிறது. இவ்வாறு கைமாறி வந்த வழியை 'உடைமை வரலாறு' என இக்கட்டுரையில் குறிப்போம்.

இன்று ஏலம் கூவுவதற்குத் தெருவும் வேண்டா, மண்டபமும் வேண்டா. ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே அமைந்த சாஆ போன்ற உள்நாட்டுச் சிற்றூரில் இருப்பவரும், கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, தம் வீட்டுப் பழம்பொருளை உலகெங்கும் உள்ளோர்க்கு விலை கூற இயலும். இவ்வாணிகம் வளருமா என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. பொருள் செல்லும்போது அதன் வரலாறும் உடன் செல்லுமா என்பதே வினா. இதற்கு விடை காண, முன்னர் நிகழ்ந்தவற்றை ஒருமுறை நோக்குதல் நலம்.

ஜொகூர் மண் தந்த பாடம்

மலாக்காவை இழந்த அரச மரபினர் பதினாறாம் நூற்றாண்டில் ஜொகூர் ஆற்றங்கரையில் தம் ஆட்சியை நிறுவினர். அவர்களின் தலைநகராய் விளங்கிய ஜொகூர் லாமா 1587ஆம் ஆண்டு போர்த்துகீசியரால் அழிக்கப்பட்டது. மண்ணுள் மறைந்த அந்நகரை 1930களில் தோண்டி ஆராய முற்பட்டவர், ஜொகூரில் சுங்கத்துறை அலுவலராய்ப் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் என்னும் ஆங்கிலேயர். நாணயங்கள், மணிகள், பீங்கான் உடைவுகள் முதலியன அங்கே கிடைத்தன. பின்னர் 1960இல் வில்ஹெல்ம் சோல்ஹைம் என்னும் தொல்லியலறிஞர் அவ்விடத்தை முறையாக அகழ்ந்தார்.

ஈண்டு மணிகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். தென்கிழக்காசியாவின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளுள் ஒரு வகை, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் செய்யப்பட்ட வகையைச் சார்ந்தது. இன்ன அடுக்கில், இன்ன பானையோட்டின் அருகே ஒரு மணி கிடைத்தது என்னும் குறிப்பு இருப்பின், அம்மணி தமிழகத்தின் கடல்வாணிகத்தைப் பற்றி நமக்குச் செய்தி கூறும். அதே மணியைச் சிலர் பொறுக்கியெடுத்து நூலிற் கோத்துக் கடையில் தொங்கவிட்டால் அது கூறும் செய்தி எதுவும் இல்லை. மணி மாறவில்லை, அதனைச் சூழ்ந்திருந்த அறிவு போய்விட்டது.

தமிழர் நன்கறிந்த பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஏறத்தாழ 1836ஆம் ஆண்டளவில், நியூசிலாந்தில் சமயப் பணியாற்றிய வில்லியம் கொலென்சோ, மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய வெண்கலக் கலம் ஒன்றைக் கண்டார். அவர்களுக்கு ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். ஆராய்ந்தபோது அஃது உடைந்த கப்பல் மணி என்றும், முகைதீன் பக்சு என்பாரது கப்பலைச் சேர்ந்தது என்று அதன்மேல் தமிழெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது என்றும் தெரியவந்தது. உடையவர் பெயர் பொருளின் மேலேயே இருந்தும், அம்மணி தென்கடலின் எல்லைக்கு எவ்வாறு சென்றது என்பது இன்றளவும் தீராத புதிர். இடையிலே மாறிய கைகளைப் பற்றிய குறிப்பு அற்றுப்போனமையே இதற்குக் காரணம்.

கடலடிச் சரக்கு

கடலும் தொல்பொருள்களைக் காத்து வைத்துள்ளது. 1817ஆம் ஆண்டு கான்டன் துறைமுகத்திலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட டயானா என்னும் கப்பல் மலாக்கா நீரிணையில் மூழ்கிற்று. 1990களில் அதன் பீங்கான் சரக்கு வெளிக்கொணரப்பட்டு, 1995இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கிறிஸ்டி நிறுவனத்தாரால் ஏலமிடப்பட்டது. சென்னைவாசிகளின் உணவு மேசைக்கெனச் செய்யப்பட்ட தட்டுகள் 178 ஆண்டுகள் கழித்து ஐரோப்பியச் செல்வரின் கண்ணாடிப் பேழைகளுக்குள் சென்றன.

ஜொகூரின் கிழக்குக் கரையிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. தெசாரு கடற்பகுதியில், 1830ஆம் ஆண்டையொட்டி மூழ்கிய சீனக் கப்பல் ஒன்று 2001இல் கண்டறியப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பீங்கான் பொருள்களும் தேநீர்க் கெண்டிகளும் அதிலிருந்து எடுக்கப்பட்டன. ஸ்டென் ஸ்யோஸ்ட்ராண்ட் என்னும் சுவீடன் நாட்டவரின் நிறுவனம் அரசின் இசைவோடு இப்பணியை மேற்கொண்டது. அரசுக்குரிய பங்கு போக எஞ்சியவற்றை அந்நிறுவனம் இணையத்தின் வழியே விற்றது. ஒவ்வொரு பொருளோடும் அது எந்தக் கப்பலினின்று எடுக்கப்பட்டது என்பதைக் கூறும் சான்றிதழும் வழங்கப்பட்டது.

இது நன்றா, தீதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதே 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறைவேற்றிய நீரடிப் பண்பாட்டு மரபுடைமை ஒப்பந்தம், கடலடித் தொல்பொருள்களை வாணிகத்திற்காகப் பிரித்து விற்பதைக் கண்டிக்கிறது. ஒரு கப்பலின் சரக்கு முழுவதும் சேர்ந்தே ஒரு நூல். தாள் தாளாகக் கிழித்து விற்றால் நூலை எவரும் படிக்க முடியாது என்பது தொல்லியலார் வாதம். விற்பனையால் வரும் பொருளின்றி ஆழ்கடற்பணிக்குச் செலவிட யாரால் இயலும், மீன்வலைகளும் திருடரும் அவற்றை அழித்துவிடுவரே என்பது மறுசாரார் வாதம். இரு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆயினும் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று: சான்றிதழ் பெற்ற தட்டு தன் கப்பலின் பெயரையேனும் சுமந்து செல்கிறது. சான்றிதழ் தொலைந்த நாளில் அதுவும் பெயரற்ற தட்டாகிவிடும்.

காரைக்குடித் தெருவும் கோட்டையூர் நூலகமும்

மலாயா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் செய்து பொருளீட்டிய நகரத்தார் செட்டிநாட்டில் மாளிகைகளை எழுப்பினர். பர்மாத் தேக்கில் தூண்களும், இத்தாலியப் பளிங்கில் தளமும், ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும் அங்கே நிறைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளிநாட்டுத் தொழில்கள் நலிந்தன. வீடுகள் பங்காளிகள் பலருக்கு உரிமையாயின. காக்க இயலாமற் பல இடிக்கப்பட்டன. அவ்வீடுகளின் கதவுகளும் தூண்களும் பாத்திரங்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இந்நாட்டில் ஈட்டிய செல்வம் அங்கே தூணாகி நின்று, இன்று மீண்டும் கடல் கடந்து உணவு விடுதிகளின் அணிகலனாகிறது. எந்த ஊர், எந்த வீடு, எந்த ஆண்டு என்னும் குறிப்போடு செல்லும் தூண்கள் எத்தனை?

இதற்கு மாறான முயற்சி ஒன்றும் அதே செட்டிநாட்டில் நிகழ்ந்தது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, ஓவியத் தொழில் செய்தவர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கத் தொடங்கி, நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும் அழைப்பிதழ்களுமாக ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலை கொடுத்து வாங்கிற்று. ஆனால் அமெரிக்காவிற்குக் கொண்டு செல்லவில்லை. தமிழ் மண்ணிலேயே வைத்து, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிறுவ உதவிற்று. இதுவும் ஒரு விற்பனையே. ஆயினும் தொகுப்பு பிரிக்கப்படவில்லை; இடம் மறக்கப்படவில்லை; சேர்த்தவர் பெயரும் நிலைத்தது. ஆகவே விற்பதும் வாங்குவதும் தம்மளவில் குற்றமல்ல. தொகுதியைச் சிதைப்பதும் வரலாற்றை அறுப்பதுமே கேடு என்பது இதனால் விளங்கும்.

திருமேனிகளும் பொய்ப் பத்திரங்களும்

உடைமை வரலாற்றின் வலிமையை உலகம் உணரச் செய்தவை தமிழகக் கோயில் திருமேனிகள். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்று திருடப்பட்ட சோழர்கால நடராசர் திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் வாங்கிற்று. அத்திருமேனி 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் பத்திரங்கள் உடன் கொடுக்கப்பட்டன. அந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததில் சூழ்ச்சி இருந்தது. தொல்பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் ஏற்பட்டது. இந்தியத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. அவற்றிற்கு முன்பே சென்றது என்று காட்டிவிட்டால் வாங்குபவர் அஞ்சமாட்டார் என்பது கணக்கு.

அக்கணக்கைப் பொய்யாக்கியது ஒரு நிழற்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல்லாண்டுகளாகத் தமிழகக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்து வந்தனர். அத்தொகுப்பில், 1990களிலும் அதே திருமேனி சிறீபுரந்தான் கோயிலுக்குள்ளேயே இருந்தமைக்குச் சான்று கிடைத்தது. 2014இல் நடராசர் இந்தியாவிற்குத் திரும்பினார். கபூர் 2022இல் கும்பகோணம் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரும் இதில் தப்பவில்லை. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் அதே வணிகரின் கூடத்திலிருந்து 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேசுவரி திருமேனியை 2015இல் திருப்பித் தர இசைந்தது. அதுவும் அரியலூர் மாவட்டக் கோயிலினின்று களவாடப்பட்டதே. இவ்வாறு திருமேனிகளை மீட்பதில் சிங்கப்பூரில் வாழும் தமிழரான ச. விஜயகுமார் முதலிய தன்னார்வலர் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. அவர்கள் கையாண்ட கருவி எளியது. ஏலப் பட்டியல்களிலும் இணையத்திலும் வெளிவந்த படங்களைப் பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டு நோக்கினர். திருடருக்குச் சந்தையான அதே இணையம், தேடுவோர்க்குச் சாட்சியும் ஆயிற்று.

இணையச் சந்தையின் இயல்பு

ஈபே என்னும் இணைய ஏலத்தளம் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிற்று. அதன்பின் எழுந்த தளங்கள் பல. இவற்றால் விளைந்த மாற்றங்கள் மூன்று. தொலைவு அற்றது. சிறு விலைப் பொருளுக்கும் வாங்குவோர் கிடைத்தனர். விற்பவர் முகம் மறைந்தது. முன்னர்ப் பெருநகர ஏலக்கூடங்கள் ஏறெடுத்தும் பாராத பித்தளைச் செம்பும், கிழிந்த அஞ்சலட்டையும் இன்று விலைபோகின்றன. ஏழையின் வீட்டுப் பொருளுக்கும் சந்தை திறந்தது என்பது இதன் நன்மை. எங்கிருந்து வந்தது என்று கேட்பார் இல்லை என்பது இதன் தீமை.

தொல்லிடங்களைத் தோண்டுவோர் இதனாற் பெருகுவர் என்று தொல்லியலார் முதலில் அஞ்சினர். ஆனால் சார்லஸ் ஸ்டானிஷ் என்னும் அமெரிக்கத் தொல்லியலறிஞர் 2009இல் வேறொரு விளைவைச் சுட்டினார். போலி செய்வது புதைகுழி தோண்டுவதைவிட எளிது, இடரும் குறைவு. ஆதலின் சிற்றூர்க் கைவினைஞர் போலிகளைச் செய்து இணையத்தில் குவித்தனர். வாங்குவோர் ஐயுற, விலை வீழ்ந்தது. திருட்டுத் தோண்டலின் ஆதாயமும் குறைந்தது என்பது அவர் கருத்து. இது முழுவதும் ஆறுதல் தருவதன்று. சமூக வலைத்தளக் குழுக்களில் களவுப் பொருள்கள் வெளிப்படையாகவே விலைபேசப்படுவதை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். 2020இல் முகநூல் நிறுவனம் தன் தளத்தில் தொல்பொருள் விற்பனையைத் தடைசெய்தது. 2021இல் இன்டர்போல், களவுபோன கலைப்பொருள்களின் பட்டியலைக் கைப்பேசியிலேயே எவரும் ஒப்பிட்டுப் பார்க்க வகைசெய்யும் செயலியை வெளியிட்டது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1976ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தின் இடத்தில் இன்று 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் நிற்கிறது. மண்ணிலோ நீரிலோ தொல்பொருளைக் கண்டெடுப்பவர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பாரம்பரியப் பொருளை உரிமமின்றி நாட்டைவிட்டு அனுப்பலாகாது. தோட்டத்தில் குழி தோண்டும்போது பழங்கலம் ஒன்று கிடைத்தால், அதைப் படமெடுத்து விலைக்குப் போடுவது முறையன்று என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

தோட்டப்புறத்துத் தொல்பொருள்கள்

இனிச் சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் படாத பொருள்களுக்கு வருவோம். சாஆ, லாபிஸ், பெக்கோக் வட்டாரங்களில் பால்மரம் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டது. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் இடம்பெயர்ந்தனர். அத்துயரே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவிக்கக் காரணமாயிற்று. அதன்பின் வந்த பத்தாண்டுகளிலும் லயங்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் சில பொருள்கள் குப்பைக்கும், சில பழைய சாமான் வாங்குபவரிடமும் சென்றன.

அவை எவை? பால்வெட்டும் உளி, மங்கு, பால் வாளி, காண்டாக் கம்பு, பெரட்டுக் களத்தில் அடித்த மணி, தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு, 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய பிரதிகள், குடும்ப நிழற்படங்கள். 1926இல் கட்டப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலின் பயணச்சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தோரும் உண்டு. சப்பானியர் 1942 முதல் 1945 வரை வெளியிட்ட, வாழைமரப் படமுள்ள பத்து வெள்ளித் தாள்கள் போர் முடிந்ததும் செல்லாக்காசாயின. இன்று அவற்றை இணையத்தில் தாள் தாளாக விற்கின்றனர். எண்ணிட்ட தாளுக்கு எண்ணில்லாத தாளினும் விலை மிகுதி.

வாழைத்தாளின் அச்சும் எண்ணும் சேகரிப்போர் பட்டியல்களில் உள்ளன. ஆனால் அத்தாளைக் கூலியாகப் பெற்றவன் யார்? சயாம் மரண ரயில் பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கணவன் விட்டுச் சென்ற பணமா அது? அவன் திரும்பி வருவான் என்று நம்பிச் செல்லாக்காசையும் பூட்டி வைத்த ஒரு பெண்ணின் பெட்டியிலிருந்து வந்ததா? இச்செய்தியை எந்தப் பட்டியலும் கூறாது. அதைக் கூறவல்லார் அவ்வீட்டு முதியவர் ஒருவரே.

வணிக நோக்கில் மற்றொரு கேடும் நிகழ்கிறது. ஒரு குடும்பத்தின் படத்தொகுப்பை முழுமையாக விற்பதைவிட, படம் படமாகப் பிரித்து விற்றால் பணம் மிகுதியாகக் கிடைக்கும். கடலடிச் சரக்குக்கும் திருமேனிகளுக்கும் நேர்ந்த அதே சிதைவு, ஓசையின்றி நம் பெட்டிகளுக்கும் நேர்கிறது. திருமேனிக்குக் கோயிலும் கல்வெட்டும் நிழற்படமும் சாட்சியாக நின்றன. பால்வெட்டும் உளிக்குச் சாட்சியாக நிற்க எந்த ஆய்வு நிறுவனமும் படமெடுத்து வைக்கவில்லை. எனவே இத்தகைய பொருள் ஒருமுறை பெயரிழந்தால் அதனை மீட்க வழியே இல்லை.

வருங்காலம்

வருங்கால இணையச் சந்தை இருவகையாகவும் வளரக்கூடும். படங்களை நொடியில் ஒப்பிடும் கணினி, களவுப் பொருளைக் கண்டுபிடிக்கத் துணைசெய்யும். அதே கணினி, நேற்று எழுதிய பத்திரத்தை நூறாண்டுப் பழமை உடையதுபோல் ஆக்கவும் துணைசெய்யும். பொய்ப் பத்திரம் மலியுந்தோறும், பலர் அறியப் பதிவுபெற்ற உண்மைக் குறிப்பின் மதிப்பு உயரும். உடைமை வரலாற்றோடு வரும் பொருளுக்கே நல்ல விலை என்னும் நிலையும் வலுப்பெறும். எனவே வரலாற்றைப் பதிந்து வைத்தல் அறிவுக்கு மட்டுமன்றி, விற்பவரின் நலத்துக்கும் உகந்தது.

வறுமையால் ஒரு பொருளை விற்கும் குடும்பத்தாரை நோக்கி, மரபை விற்கலாமா என்று கேட்பது அறமன்று. ஆனால் விற்குமுன் அரைமணி நேரம் செலவிடுமாறு கேட்கலாம். பொருளை முன்னும் பின்னும் படமெடுத்தல். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது, எவ்வாறு கைக்கு வந்தது என்னும் ஐந்து வினாக்களுக்கு முதியவர் கூறும் விடையை அவர் சொற்களிலேயே எழுதுதல். சேர்ந்திருந்தவற்றைச் சேர்த்தே வைத்தல். அப்பதிவின் ஒரு படியைப் பள்ளியிலோ நூலகத்திலோ வைத்தல். மற்றொரு படியைப் பொருளுடன் கொடுத்தல். அடையாள அட்டை போன்ற ஆவணங்களில் உள்ள பிறர் விவரங்களை வெளியிடாது காத்தலும் வேண்டும்.

இப்பணிக்கு மிகவும் தகுதியானவர் தமிழாசிரியரும் மாணவருமே. கட்டுரைப் பயிற்சியாக ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பழம்பொருள் ஒன்றைப் பற்றி எழுதினால், ஒரு வகுப்பில் முப்பது பொருள்களின் வரலாறு கிடைக்கும். காண்டா, பெரட்டு, மங்கு, தண்டல் முதலிய சொற்களும் பொருளோடு சேர்ந்து பதிவாகும்; பொருள் மறைந்தபின் அகராதியும் அறியாமற் போகக்கூடிய சொற்கள் அவை.

முடிவுரை

ஜொகூர் லாமாவின் மணியும், தெசாருவின் தட்டும், சிறீபுரந்தான் நடராசரும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. சந்தை பொருளைக் கொண்டு செல்லும். வரலாற்றை மனிதர்தாம் உடன் அனுப்ப வேண்டும். ஏலம் கூவும் இடம் கடற்கரையினின்று மண்டபத்திற்கும், மண்டபத்தினின்று கைப்பேசித் திரைக்கும் மாறிவிட்டது, இனியும் மாறும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் கூறக் கேட்டு எழுதிக்கொள்ள இஃதே ஏற்ற காலம். அவர்கள் காலத்திற்குப் பின் எத்தனை ஆயிரம் வெள்ளி கொடுத்தாலும் எந்த ஏலத்திலும் அச்செய்தி கிடைக்காது.